கிட்டாரின் மேல் உரிக்காத பிளாஸ்டிக்

கரியாலூரை விட்டு இறங்கி இரண்டு வளைவு தாண்டிய பிறகுதான் மதியம் சாப்பிட்ட பிரியாணி கனக்கத் தொடங்கியது. தோளில் கிட்டார், கையில் துணிப்பை, வயிற்றில் பிரியாணி. மூன்றில் பிரியாணிதான் இனி கிடைக்காது என்பதால் அதைச் சுமப்பதில் எனக்கு வருத்தமில்லை. கிட்டாருக்கு நல்ல உறை கிடையாது. யூரியா சாக்கு ஒன்றை வெட்டித் தைத்து மாட்டியிருந்தேன். காலையில் இறங்கிய மேகம் இன்னும் மரங்களுக்கு நடுவிலேயே கிடந்தது.

எதிரே மொபெட்டில் வந்த ஒருவர் என்னைப் பார்த்ததும் வேகத்தைக் குறைத்தார்.

"இன்னாப்பா அது, நாட்டுத் துப்பாக்கியா?"

"கிட்டாருங்க."

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. துப்பாக்கி என்றால் ஊருக்குப் போய்ச் சொல்ல ஒரு செய்தி இருந்திருக்கும். நடந்தே போகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நாங்கள் வந்த வேனும் இதே பாதையில்தான் இறங்கும், அது என்னைத் தாண்டுவதற்குள் எவ்வளவு தூரம் போக முடியுமோ அவ்வளவு தூரம் போய்விட வேண்டும் என்பதை அவரிடம் சொல்லவில்லை.

காலையில் அந்த வேனில் மலை ஏறும்போது கள்ளக்குறிச்சியில் எனக்கு ஓர் அறை இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இல்லை.

அறை என்றால் தகரக் கூரை, ஒரு பல்பு, சுவரோரம் சர்ச்சின் பழைய நாற்காலிகள். மழைக்கு ஒரு மூலை ஒழுகும், மற்ற மூன்றும் ஒழுகாது. எங்கள் கொயர் மாஸ்டர் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் வாசிக்க வேண்டும், வாரத்தில் இரண்டு சாயங்காலம் பாடற்குழுவோடு பயிற்சி. அதற்குப் பதில் அந்த அறையும், அவர் வீட்டிலிருந்து ஒருவேளைச் சோறும். பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத் தாழ்வாரத்திலும் படுத்து எழுந்தவனுக்கு இது உத்தியோகம்தான். அந்தக் குளிர்காலம் முழுக்க அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தேன்.

கொயர் மாஸ்டர் பகலில் தாலுகா ஆபீஸ் கிளார்க். மாவட்டம் புதிதாகப் பிரிந்ததிலிருந்து அவருக்கு வேலை ஜாஸ்தி, அதைவிட மிடுக்கு ஜாஸ்தி. அவரிடம் ஓர் அமெரிக்க கிட்டார் இருந்தது. பெயரைச் சொன்னால் கிட்டார் பிடிக்கத் தெரியாதவர்கள்கூடத் தலையாட்டும் கம்பெனி. அது பெட்டியிலிருந்து வெளியே வந்த நாளில் பாஸ்டரை வரவழைத்துப் பிரதிஷ்டை செய்தார்கள். எங்கள் சபைகளில் புது வீடு, புது டிராக்டர், புது ஆர்மோனியம் எதுவானாலும் ஜெபம் பண்ணி எண்ணெய் தொட்டு வைப்பது வழக்கம். கிட்டாருக்கும் தலைப்பக்கம் எண்ணெய் வைத்தார்கள். அதோடு விட்டிருந்தால் தப்பில்லை. பிரதிஷ்டை செய்த பொருளில் ஸ்பேனர் வைக்கக்கூடாது என்று கொயர் மாஸ்டர் தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டார். பாஸ்டர் அப்படிச் சொல்லவில்லை. வேதத்திலும் இல்லை. ஆனால் தாலுகா ஆபீசில் இருப்பவருக்குச் சட்டம் போட யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் அந்த கிட்டார் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருந்தது. முன்பக்கம் வெள்ளைத் தகட்டின் மேல் ஒட்டி வரும் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. தாளுக்கு அடியில் காற்று புகுந்து கொப்புளம் கொப்புளமாக நின்றது, கொப்புளத்துக்குள் தூசி போனது. பார்க்க அம்மை போட்ட மாதிரி இருக்கும். பரிசோதித்து அனுப்பியதாகச் சொல்லும் சின்ன அட்டை ஒன்று பெட்டியில் இருந்தது, அதில் யாரோ கிறுக்கியிருந்தான். அதற்கு லேமினேஷன் போட்டு வைத்திருந்தார். அந்த ஆள் யார், அன்றைக்கு அவன் சாப்பிட்டானா, தூங்கினானா எதுவும் தெரியாது. ஆனாலும் அந்தக் கிறுக்கலைத் தாசில்தார் கையெழுத்துக்குக் கொடுக்கும் மரியாதையோடு எடுத்துக் காட்டுவார்.

அவருடைய மச்சினன், அதாவது மனைவியின் தம்பி, வளைகுடாவில் சில வருஷம் இருந்துவிட்டு சங்கராபுரத்தில் வந்து தங்கியவர். அவர் கையோடு கொண்டுவந்தது ஜப்பான் கிட்டார். இரண்டு பேருக்கும் பேச்சு என்றால் கிட்டார் பேச்சுதான். பெயர், பெருமை, மரம் எல்லாம் அமெரிக்காக்காரனிடம் என்பார் மாமாவான கொயர் மாஸ்டர். அமெரிக்காக்காரன் செய்தால் ஒன்று நன்றாக இருக்கும் ஒன்று சொதப்பும், ஜப்பான்காரன் ஆயிரம் செய்தாலும் ஆயிரமும் ஒரே அச்சு என்பார் மச்சினன். கிறிஸ்துமஸ், ஈஸ்டர், வீட்டுச் சாவு எல்லாவற்றிலும் இந்தப் பஞ்சாயத்து நடக்கும். ஒருதரம் ஞானஸ்நான விருந்தில் ஆரம்பித்து, குழம்பு ஆறிப்போன பிறகுதான் இலையில் கை வைத்தார்கள். பொங்கிப் பொங்கிப் பேசிய இருவரும் ஒரு பாட்டைத் தப்பில்லாமல் முழுசாக வாசித்து நான் கேட்டதில்லை.

எனக்கு இதில் என்ன வேலை என்றால், நான் பெங்களூரில் ஒரு வாத்தியக் கடையின் குடோனில் இருந்தவன். ஒன்பதாம் வகுப்போடு படிப்பு நின்றது. திருப்பூருக்கு ஆள் எடுத்தார்கள், போனேன். சாயப்பட்டறையில் கை வெந்தது, அங்கிருந்து பெங்களூர். குடோனில் என் வேலை பெட்டி பிரிப்பது, துடைப்பது, சுருதி சேர்த்துக் கடைக்கு மேலே அனுப்புவது. வாசிக்கக் கற்றுக்கொண்டதும் அப்படித்தான், துடைக்கிற சாக்கில். கடை கைமாறியபோது பழைய ஆட்கள் எல்லோரையும் போகச் சொன்னார்கள். போனேன்.

அங்கே நான் பார்த்ததைச் சொல்கிறேன். விலை உயர்ந்த பெட்டியைப் பிரிக்கும்போது எல்லோரும் கூடி நிற்போம். சிலது பிரித்த அன்றே கல்யாணப் பெண் மாதிரி தயாராக இருக்கும். அதே கம்பெனி, அதே மாடல், அதே நிறம், அடுத்த பெட்டியில் வருவது கம்பி உட்காரும் பள்ளம் சரியாக அறுக்கப்படாமல், கழுத்தில் விரல் வைக்கும் ஒவ்வொரு கட்டையிலும் உறுமும். இன்னொரு பெரிய கம்பெனி கிட்டாரின் தலை பின்பக்கம் சாய்ந்திருக்கும், மினுக்குக்குக் குறைவில்லை. ஆனால் ஸ்டாண்டிலிருந்து ஒரு தரம் சரிந்தால் போதும், கழுத்தோடு ஒடிந்துவிடும். ஒடிந்ததை ஒட்டினால் முன்னைவிட நன்றாகப் பாடும் என்று கடைக்காரர் வாடிக்கையாளரிடம் சொல்வார். ஜப்பானில் செய்தவை மொத்தத்தில் நேர்த்தி, அதில் மச்சினன் சொன்னது ரொம்பத் தப்பில்லை. ஆனால் அவற்றிலும் ஒரு பெட்டியில் கழுத்து முறுக்கிக்கொண்டு வந்ததை இந்தக் கையால்தான் திருப்பி அனுப்பக் கட்டினேன்.

மலிவுப் பெட்டிகளின் கதை வேறு. இந்தோனேசியாவிலும் சீனாவிலும் ஒரே தொழிற்சாலையில் நாலைந்து கம்பெனிக்குச் செய்கிறார்கள். உடம்பு ஒன்று, கழுத்து ஒன்று, கடைசியில் தலையில் ஒட்டுகிற பெயர்தான் வேறு. நம் பக்கத்து அரிசி மில்லில் ஒரே குவியல் அரிசியை மயில் படம் போட்ட சாக்கிலும் யானை படம் போட்ட சாக்கிலும் கட்டுவார்கள். வாங்கிப் போகிறவர்கள் வீட்டுக்குப் போய், யானைதான் உதிரியாக வருது, மயில் குழையுது என்று சண்டை போடுவார்கள். கிட்டார்க்காரர்களும் அதே ஜாதிதான், கொஞ்சம் இங்கிலீஷ் கலந்த ஜாதி.

என் கிட்டார் அப்படிப்பட்ட தொழிற்சாலையில் பிறந்தது. அதை நல்லது என்று சொல்லமாட்டேன். கழுத்தோரம் உலோகக் கட்டைகளின் முனை நீட்டிக்கொண்டு உள்ளங்கையைக் கீறும், அரம் போட்டுத் தேய்த்தேன். ஒரு முறுக்காணி உடைந்து வேறு கம்பெனியின் ஆணி போட்டேன், அது மட்டும் தங்க நிறம். அறுகோணத் திருகுசாவியான ஆலன் கீ ஒன்றைக் கயிற்றில் கட்டி என் கழுத்திலேயே போட்டிருப்பேன். கிட்டார் கழுத்துக்குள் ஓர் இரும்புக் கம்பி ஓடும். ஈரத்துக்கும் வெயிலுக்கும் மரம் வளைந்துகொடுக்கும்போது அந்தக் கம்பியைக் கால் சுற்று திருகினால் நேராகும். அவ்வளவுதான் வித்தை. கொயர் மாஸ்டரின் மனைவி ஆரம்பத்தில் அதைத் தாயத்து என்று நினைத்து, விசுவாசிக்கு இதெல்லாம் ஆகாது என்று கண்டித்தார்.

அன்று மலையில், விளைச்சலைக் காணிக்கையாகக் கொண்டுவரும் அறுப்பின் பண்டிகை. கரியாலூரைத் தாண்டி உள்ளே ஒரு சின்ன சபை. மலையில் வேலை பார்க்கும் டீச்சர், நர்ஸ் குடும்பங்களும், கீழேயிருந்து போய் நிலம் பிடித்தவர்களும் சேர்ந்து கட்டியது. எங்கள் பாடற்குழுவைக் கூப்பிட்டிருந்தார்கள். மாமாவும் மச்சினனும் இரண்டு கிட்டாரையும் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு எது உயர்ந்தது என்று தீர்த்துவிடுவது என்று முடிவு. தீர்ப்புச் சொல்ல நான்.

வேனில் கொயர் மாஸ்டர் என் பக்கம் சாய்ந்து, குளிர்காலம் இன்னும் பாக்கி இருக்கிறது, அந்த ஒழுகுகிற மூலைக்குத் தகரம் மாற்றிவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். வேறு எதுவும் சொல்லவில்லை. வெள்ளிமலையில் டீ குடிக்க இறங்கியபோது மச்சினன் தனியாக வந்து பிஸ்கட் வாங்கித் தந்தார்.

"எங்க வூட்ல மாடி ரூமு சும்மாத்தான் கீது. ஃபேன் கூட போட்டு வெச்சிருக்கேன். நீ பெங்களூர்ல இருந்தவன், நாயத்தைச் சொல்லு, போதும்."

நியாயத்துக்கு ஃபேன் உண்டு, அநியாயத்துக்குத் தகரம் உண்டு. எதைச் சொன்னாலும் தலைக்கு மேல் ஒரு கூரை. அன்று காலை டீ குடித்துக்கொண்டு, என் வாழ்க்கையில் இவ்வளவு பாதுகாப்பாக நான் இருந்ததேயில்லை என்று நினைத்தேன்.

மலை மேல் ஈரம் அப்படி. சர்ச்சுக்குள்ளேயே மேகம் வந்து பெஞ்சில் உட்கார்ந்தது. பீடத்தின் முன்னால் சாமை மூட்டை, மரவள்ளிக் கிழங்கு, வாழைத்தார், உயிரோடு இரண்டு சேவல். வாசலில் ஊர்க்காரர்கள் சிலர் போர்வையோடு நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்கள் சாமி வேறு, ஆனால் பாட்டு யார் பாடினாலும் கேட்பார்கள்.

கொயர் மாஸ்டர் முதல் பாட்டுக்குத் தந்தியை மீட்டினார். ஈரத்தில் கழுத்து முதுகுப்பக்கம் வளைந்து, கம்பி எல்லாம் கட்டையில் உரசிக்கொண்டு, தகர டப்பாவில் வண்டு விட்ட மாதிரி ஒரு சத்தம். கரண்டு சரியில்லை என்றார். பிறகு ஒயர் சரியில்லை என்றார். பிறகு என்னைப் பார்த்தார், நானும் சரியில்லை. மச்சினன் சிரித்துக்கொண்டே தன்னுடையதைச் செருகினார். அது சுருதி சுத்தமாக ஒரு வரி வாசித்தது, அப்புறம் கொரகொரவென்று நின்றது. ஒயர் செருகும் துளையின் நட்டு தளர்ந்து, உள்ளே எல்லாம் ஆடிக்கொண்டிருந்தது. இதை நான் இரண்டு மாதம் முன்பே சொன்னேன். ஜப்பான்காரன் போட்ட நட்டை நம்மாள் முறுக்குவதா என்று கேட்டார். ஒருவர் பக்தியினால் கை வைக்கவில்லை, மற்றவர் மரியாதையினால் கை வைக்கவில்லை. சேவல் மட்டும் சுருதி தப்பாமல் கூவியது.

மலைச் சபையின் பாஸ்டருக்குப் பசி. அந்த யூரியா சாக்குக்காரனை வாசிக்கச் சொல்லுங்கள் என்றார். வாசித்தேன். பிரமாதமில்லை. பாட்டு நடந்தது, காணிக்கை எடுத்தார்கள், சேவலை ஏலம் விட்டார்கள், சாப்பிடப் போனோம்.

சாப்பிட்ட பிறகு வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டுத் தீர்ப்பு கேட்டார்கள். இரண்டு கிட்டாரையும் என் மடியில் வைத்தார்கள். பாடற்குழு முழுக்கச் சுற்றி நின்றது. இரண்டில் ஒன்றைச் சொல்லிவிட்டு எழுந்திருக்க வேண்டியதுதான். உண்மை பேச வேண்டும் என்ற ஆசையெல்லாம் எனக்கு இல்லை. அது வசதியுள்ளவர்கள் வைத்துக்கொள்ளும் பழக்கம். ஆனால் வயிறு நிறைந்திருந்தது, மடியில் இரண்டு நல்ல சாமான் பாழாகிக் கிடந்தது, வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ரெண்டுமே நல்ல சாமானுங்கண்ணே. ரெண்டையுமே நீங்க பாக்கல, அவ்ளோதான். எந்தக் கம்பெனியா இருந்தாலும் ஒண்ணு மாதிரி ஒண்ணு வராது, வந்ததும் அப்பிடியே நிக்காது. இதுக்குக் கால் சுத்து, அதுக்கு ஒரு நட்டு. குடுங்க, இங்கயே பண்றேன்."

சொல்லிக்கொண்டே கழுத்திலிருந்து ஆலன் கீயை எடுத்தேன். மற்ற கை சும்மா இருக்கவில்லை. அமெரிக்க கிட்டாரின் பிளாஸ்டிக் தாள் ஓரத்தில் கொஞ்சம் தூக்கிக்கொண்டிருந்தது. விரல் அதைப் பிடித்தது. பேச்சு முடிவதற்குள் தாள் சர்ரென்று பாதி தகடு வரை உரிந்து வந்துவிட்டது.

ஜெபத்தில்கூட அந்தச் சபை அவ்வளவு அடங்கி நான் பார்த்ததில்லை. தாளுக்கு அடியில் தகடு பளபளவென்று, பிறந்த குழந்தை மாதிரி இருந்தது. கொயர் மாஸ்டர் அதைப் பார்த்த பார்வையில், நான் அவர் வீட்டுப் பெண்ணின் முக்காட்டை இழுத்துவிட்டேன் என்று தோன்றியது.

"யாரைக் கேட்டுடா உரிச்ச?" என்றார். ஆறு மாதமாக என்னைப் பிரதர் என்று கூப்பிட்டவர்.

"தூசி போவுதுண்ணே, அதான்."

"போவட்டும். எண்ணெய் வெச்சு ஜெபிச்ச பொருளுடா இது. அதும் மேல நீ ஸ்பேனரு வெப்பியா?"

நான் மச்சினன் பக்கம் திரும்பினேன். மாடி அறை, ஃபேன். அவர் தன் கிட்டாரை என் மடியிலிருந்து ஏற்கெனவே எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"மாமா, உங்களுது கூட கம்மி ஜாஸ்தி இருக்கலாம், நான் இல்லேங்கல. ஆனா ரெண்டும் ஒண்ணுன்றான் பாருங்க இவன். குடோன்ல பொட்டி பிரிச்சவன் நமக்கு நாயம் சொல்றான்."

"அதான் மச்சான் நானும் பாத்துக்கினு இருக்கேன்" என்றார் மாமா.

இத்தனை வருஷத்தில் அவர்கள் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் நான். ஒருவரைத் தோற்கடித்திருந்தால் மற்றவர் வீட்டில் படுத்திருப்பேன். இருவரையும் சமமாக்கியதில் இரண்டு வீடும் போயிற்று. அமெரிக்கா பெரிதா ஜப்பான் பெரிதா என்பதை அவர்கள் தாங்குவார்கள், அதில் ஒருவருக்காவது நம்பிக்கை உண்டு. கம்பெனி பெயரில் ஒன்றுமில்லை என்பதைத்தான் தாங்க முடியவில்லை. அதைச் சொல்ல என்னைப் போன்றவனுக்கு என்ன யோக்கியதை என்று பாடற்குழுவில் இரண்டு பேர் சத்தமாகவே கேட்டார்கள். அவர்களுக்குச் சுரம் பிடிக்க நான்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன்.

அறைச் சாவியைக் கொயர் மாஸ்டர் கேட்டார். கொடுத்தேன். அங்கே என் பாய் ஒன்றும் பாத்திரம் ஒன்றும் இருந்தன. பிறகு வந்து எடுத்துக்கொள் என்றார். பிறகு என்பது தாலுகா ஆபீசில் எவ்வளவு நாள் என்று எல்லோருக்கும் தெரியும். பாஸ்டர் மட்டும் நான் கிளம்பும்போது ஒரு கிழங்கை என் துணிப்பையில் போட்டார். அந்த கிட்டாரைத் திருகியிருந்தால் சரியாகியிருக்குமா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கழுத்து முறுக்கிப் போயிருந்தால் என் ஆலன் கீயாலும் முடியாது, எண்ணெயாலும் முடியாது. பார்க்க விடவில்லை.

சோதனைச் சாவடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் சாக்கைப் பிரித்துக் காட்டச் சொன்னார். கைவிட்டுத் தடவிவிட்டு, எங்கே செய்தது என்று கேட்டார். இந்தோனேசியா என்றேன். "அமெரிக்கா இல்லியா?" என்றார். அவரையும் ஏமாற்றிவிட்டேன்.

அதற்குக் கீழே ஒரு வளைவில் எங்கள் வேன் என்னைத் தாண்டியது. முன்சீட்டில் மாமாவும் மச்சினனும் ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். மச்சினன் ஏதோ சொல்ல மாமா தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தார். அவர் மடியில் கிட்டார், அதில் பாதி உரிந்த தாளைத் திரும்ப நீவி ஒட்டிக்கொண்டிருந்தார். வேன் நிற்கவில்லை. நானும் கை காட்டவில்லை.

இருட்டுகிற நேரத்தில் கச்சிராயபாளையம், அங்கிருந்து பஸ் பிடித்துக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். பழைய இடம், பழைய தூண். டீக்கடை அடுப்பில் கிழங்கைச் சுட்டுக்கொள்ள விட்டார்கள். பனி இருந்தது, கொசு இல்லை.

விடிந்ததும் ஒரு டிராக்டர் டீக்கடையில் நின்றது. மூங்கில்துறைப்பட்டு மில்லுக்குக் கரும்பு வெட்டப் போகும் ஆட்கள். இரண்டு பேர் வரவில்லை என்று மேஸ்திரி எரிச்சலில் இருந்தார். வரட்டுமா என்று கேட்டேன். என் கையைப் பார்த்தார், பிறகு சாக்கைப் பார்த்தார்.

"அது இன்னா?"

"கிட்டாருங்க."

"அதால கரும்பு கட்ட வருமா?"

வராது என்றேன். அப்படியானால் டிராக்டர் டிரெய்லரில் போடு என்றார். படுக்கக் கொட்டகை, இரண்டுவேளைச் சோறு, வெட்டு முடிகிறவரை.

வெட்டுவது மற்றவர்கள், என்னைக் கட்டுக் கட்ட விட்டார்கள். வெட்டிப் போட்ட கரும்பைச் சேர்த்து, அதன் பச்சைத் தோகையையே முறுக்கிக் கயிறாக்கி இறுக்க வேண்டும். எல்லாக் கட்டும் ஒரே பருமன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தலையில் ஏற்றுகிறவன் கழுத்து போய்விடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டுப் போனார். தோகை, சாயப்பட்டறையில் வெந்த இடத்தைத் தேடிப்பிடித்து அறுத்தது. நான் கட்டிய முதல் கட்டு கர்ப்பிணி மாதிரி இருந்தது, இரண்டாவது நோயாளி மாதிரி. மேஸ்திரி திரும்பி வந்து இரண்டையும் காலால் உருட்டிப் பார்த்தார். எந்த ஊர்க்காரன், எங்கே கற்றாய் என்று ஒன்றும் கேட்கவில்லை.

"அவுத்துட்டு மறுக்காக் கட்டு" என்றார்.

அவிழ்த்தேன்.